பீரோவில் தூங்கும் கேமரா

போட்டோ எடுக்கிற ஆசையைக் கொல்வது காசில்லாமை மட்டுமல்ல; 'இதுல என்ன இருக்கு?' என்று வீட்டில் யாராவது கேட்கிற கேள்வியும்தான்!

பி.காம். படித்தவன், கணக்கோடு சொல்கிறேன். அந்தக் கால பிலிம் ரோலில் 36 படம். கடலூர் சில்வர் பீச்சில் சூரிய உதயத்துக்கு நாலு படம் செலவழித்தால் வீட்டில் ஆடிட்டிங் நடக்கும். கல்யாணம், வேலை என்று வந்ததும் என் கேமரா பீரோவுக்குள் போய்விட்டது.

அதை வெளியே இழுத்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவும் கையுமாகச் சேர்ந்து கிளம்பும் சிதம்பரத்து நண்பர்கள். முதல் நடை பிச்சாவரம். சிதம்பரத்துக்குத் 'தில்லை' என்று பேர் வாங்கித் தந்த மரம் அங்கேதான் இருக்கிறது. திரும்பியதும் டீக்கடை பெஞ்சில் படங்களைப் பார்த்தார் ரிட்டயரான பெரியவர் ஒருவர்.

"தண்ணியில வேரோட நிழல் பிரமாதம் தம்பி! காட்டு இருட்டைப் பார்த்துட்டு கேமரா வெளிச்சத்தைக் கூட்டிடும், வானம் வெளுத்துப் போயிடும். அடுத்த தடவை ஒரு புள்ளி குறைச்சுப் பாருங்க."

அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு எப்போது வரும் என்றாகிவிட்டது!

இது புதுசும் இல்லை. கண்ணாடித் தகட்டில் படம் பிடித்த 1850-களிலேயே மெட்ராஸில் போட்டோ சங்கம் கண்டார்கள். அதில் முன்னின்றவர், 1850-ல் ஓவியப் பள்ளி ஆரம்பித்த டாக்டர் அலெக்ஸாண்டர் ஹன்டர்.

உங்கள் பிள்ளை ஒரு படத்தை நீட்டினால், முதலில் நல்லதைச் சொல்லுங்கள். அப்புறம் ஒரே ஒரு குறை. மிச்சத்தை அவனே கண்டுபிடிப்பான்!