பத்தாயிரம் ரூபாயும் ஒரு பள்ளிக்கூடமும்

ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் யாராவது ஒரு நண்பர் இந்தக் கேள்வியோடு வருவார்: “பாதிக்கப்பட்ட பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்யணும். கையில ஒரு பத்தாயிரம் இருக்கு. நோட்டு, பேனா, பை வாங்கி அனுப்பிடட்டுமா?” நல்ல மனசு. அப்படிப்பட்டவரிடம் நான் முதலில் சொல்வது, “கொஞ்சம் பொறுங்கள், டீ குடித்துக்கொண்டே பேசுவோம்” என்பதுதான். அரை மணி நேரம் யோசித்துக் கொடுத்தால் அதே பத்தாயிரம் இரண்டு மடங்கு வேலை செய்யும்.

கஜா புயலை எடுத்துக்கொள்வோம். 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. பள்ளிக்கூடங்களில் ஓடு பறந்தது, சுற்றுச்சுவர் இடிந்தது, வளாகத்து மரங்கள் விழுந்தன. இவை போட்டோவில் தெரியும் சேதங்கள். போட்டோவில் தெரியாத ஒன்று உண்டு. ஊரில் கொஞ்சம் உறுதியான கட்டடம் பள்ளிக்கூடம்தான் என்பதால், வீடிழந்தவர்கள் தங்கும் முகாமும் அதுவே. வகுப்பறையில் பாயும் பானையுமாகக் குடும்பங்கள் இருக்கும்வரை பாடம் நடக்காது. போக இடமில்லாதவர்களை வெளியே போகச் சொல்லவும் முடியாது. ஆகவே அந்த முதல் வாரத்தில் ஒரு குடிசைக்குக் கொடுக்கும் தார்ப்பாய்கூடப் பள்ளிக்கூடத்துக்குச் செய்யும் உதவிதான். வீட்டுக்கு மேலே ஏதோ ஒரு மறைப்பு வந்தால்தான் வகுப்பறை காலியாகும்.

பள்ளி சீக்கிரம் திறக்க வேண்டும் என்று ஏன் இவ்வளவு அவசரப்படுகிறோம்? பாடம் தவறிவிடும் என்பது ஒரு காரணம்தான். மதியம் ஒரு வேளை சத்துணவு நிச்சயம் என்பது அதைவிடப் பெரிய காரணம். பிள்ளைகள் பள்ளியில் இருந்தால் பெற்றோர் நிவாரணத்துக்கு வரிசையில் நிற்கலாம், விழுந்த மரத்தை வெட்டலாம், கூரையைச் சரிசெய்யலாம். எனவே தலைமை ஆசிரியரிடம் விசாரிக்கும்போது, “சமையற்கூடம் எப்படி இருக்கு? பாத்திரம், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சரியா இருக்கா?” என்றும் கேளுங்கள். கழிப்பறைக் கதவைப் பற்றியும் கேளுங்கள். கதவு பிய்ந்துபோன கழிப்பறையை நினைத்தே வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

அடுத்து, நண்பர் சொன்ன நோட்டு, பேனா விஷயம். யுனிசெஃப் பேரிடர் பகுதிகளுக்கு அனுப்பும் ஒரு பெட்டி உண்டு. ஒரு பள்ளிக்கூடத்தையே பெட்டிக்குள் அடக்கிய மாதிரி நோட்டுகள், பென்சில்கள், எண்ணிப் பழகும் கட்டைகள், மணி பார்க்கக் கற்றுத்தரும் மரக் கடிகாரம் என எல்லாம் இருக்கும். பெட்டியின் மூடிக்குக் கூடவே வரும் கறுப்பு வண்ணத்தைப் பூசினால் அதுவே கரும்பலகை. எனக்கு மிகவும் பிடித்தது அந்த நோட்டுகள்தான். அவற்றில் ஓரக்கோடு கிடையாது. இடமிருந்து வலமாக எழுதும் குழந்தையும் வலமிருந்து இடமாக எழுதும் குழந்தையும் ஒரே நோட்டைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக அப்படி அச்சிடுகிறார்கள். யார் கையில் போய்ச் சேரும் என்று ஒரு கோடுவரை யோசித்திருக்கிறார்கள். நாமும் அந்த அளவுக்கு யோசிக்க வேண்டும்.

கஜா வந்த கல்வியாண்டில்தான் தமிழ்நாட்டில் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் நடைமுறைக்கு வந்தன. அந்த நேரத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆண்டுப் புத்தகங்களைத் திரட்டி லாரியில் ஏற்றினால் என்ன பயன்? அரசுப் பள்ளிக்குப் பாடநூலை அரசே இலவசமாகத் தருகிறது. தொலைந்துபோனால் மறுபடியும் தர வேண்டியதும் அரசுதான். பிளஸ் டூ அறிவியல் மாணவரின் ரெக்கார்டு நோட்டை யார் தருவது? ஆண்டு முழுக்கப் படம் வரைந்து, அளவீடு குறித்து, ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிச் சேர்த்த நோட்டு அது. செய்முறைத் தேர்வுக்கு முன்னால் முழுவதையும் திரும்ப எழுதியாக வேண்டும். வெற்று ரெக்கார்டு நோட்டுகள், பென்சில்கள், பகலில் சார்ஜ் போட்டு இரவில் எரியும் சோலார் விளக்கு: மின்சாரம் இல்லாத ஊரில், மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதப்போகும் பிள்ளைக்கு இவைதான் கைகொடுக்கும். இதெல்லாம் வெளியூரில் இருக்கும் நமக்குத் தெரியாது. வகுப்பாசிரியருக்குத் தெரியும்.

அந்த ஆசிரியரைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன், ஏனென்றால் அவரை எல்லோரும் மறந்துவிடுகிறோம். கல்வி உரிமைச் சட்டம், 2009, ஆசிரியர்களைக் கல்வி சாராத பணிகளுக்கு அனுப்பக் கூடாது என்கிறது. அதிலேயே மூன்று விதிவிலக்குகள் உண்டு: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம். ஆக, புயலடித்த மறுநாள் அவரை முகாம் பணிக்குப் போடலாம், சட்டம் தடுக்காது. அவரும் அதே வட்டாரத்தில் குடியிருப்பவர்தான். அவர் வீட்டு ஓடும் பறந்திருக்கும், அவர் குழந்தையும் பயந்து போயிருக்கும். அந்த நிலையில் முகாமில் பெயர் எழுதி, பிறகு பள்ளி திறந்ததும் காற்றுச் சத்தம் கேட்டாலே அழும் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்ல வேண்டும். அவரும் பாதிக்கப்பட்டவர் என்பதை நினைவில் வைத்துப் பேசினாலே பாதி உதவி செய்த மாதிரி.

மீதிப் பாதி பணம். நிரந்தர ஆசிரியருக்கு மாதச் சம்பளம் வந்துவிடும். பெற்றோர் ஆசிரியர் கழகம் தன் பணத்தில் அமர்த்திய ஆசிரியருக்கு? ஊரே விழுந்து கிடக்கும்போது கழகத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? சின்னத் தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்ப்பவரின் கதையும் இதுதான். ஃபீஸ் வரவில்லை என்றால் சம்பளம் வராது. இவர்களில் ஒருவருக்குச் சில மாதச் சம்பளத்தை நாலு பேர் சேர்ந்து ஏற்றுக்கொண்டால், ஒரு வகுப்பே ஆசிரியர் இல்லாமல் போகாது. புத்தகப்பை கொடுத்தால் போட்டோ எடுக்கலாம், சம்பளம் கொடுத்தால் எடுக்க முடியாது. ஆனாலும் பள்ளியை நிமிர்த்துவது இரண்டாவதுதான்.

தெரிந்த முகத்தின் அருமையை வயநாட்டில் பார்த்தோம். 2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கை, சூரல்மலைப் பகுதியை நிலச்சரிவு அடித்துச் சென்றது. வெள்ளார்மலை அரசுப் பள்ளி சிதைந்தது. மாணவர்கள் பலர் இறந்தார்கள். பிழைத்த பிள்ளைகளை அங்கங்கே இருக்கும் பள்ளிகளில் பிரித்துச் சேர்த்திருந்தால் அரசுக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும். கேரள அரசு அப்படிச் செய்யவில்லை. செப்டம்பர் 2 அன்று, அந்தப் பள்ளியையும் முண்டக்கை தொடக்கப் பள்ளியையும் மேப்பாடியில் மறுபடி திறந்தார்கள். இடம்தான் வேறு, பள்ளி அதே பள்ளி. பிள்ளைகளை அரசுப் பேருந்தில் அழைத்து வந்து, வரவேற்பு விழா நடத்தி உள்ளே அனுப்பினார்கள். தோழியை இழந்த ஒரு சிறுமிக்கு, அவளையும் அந்தத் தோழியையும் சேர்த்து அறிந்த டீச்சர் பக்கத்தில் இருப்பதற்கு ஈடாக எதையும் வாங்கிக் கொடுத்துவிட முடியாது.

கட்டடம் என்று வரும்போது மட்டும் அவசரப்படக் கூடாது. டெல்டாவில் புயலுக்குப் பிறகு எங்கும் தென்னங்கீற்று கிடக்கும். தற்காலிகமாக ஒரு கீற்றுக்கொட்டகை போட்டு வகுப்பு நடத்தலாமே என்று தோன்றுவது இயல்பு. அதே டெல்டாவில்தான் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் கருகிப் போனார்கள். அங்கே தீ பரவியது கீற்றுக்கூரை வழியாகத்தான். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக்கூரை கூடாது என்று ஆனது. விரிசல் விட்ட சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துப் புதிதாகக் காட்டுவதும் ஆபத்துதான். பொறியாளர் பார்த்து, கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கும்வரை பிள்ளைகள் தகரக் கொட்டகையிலோ பக்கத்துச் சமுதாயக் கூடத்திலோ படிக்கட்டும்.

இப்போது ஒரு கணக்கு. கஜாவில் தோப்பு இழந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மகள் அப்போது எட்டாம் வகுப்பு. அடுத்த ஆண்டே புதிய தென்னம்பிள்ளை நட்டாலும், நாட்டு ரகம் காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். அதாவது 2024க்கு முன்னால் அந்தத் தோப்பிலிருந்து வருமானம் இல்லை. மகள் பிளஸ் டூ முடிப்பது 2023இல். அவளுடைய உயர்நிலை, மேல்நிலைப் படிப்பு முழுவதும் தென்னை வருமானம் இல்லாத ஆண்டுகளிலேயே கழிந்துவிடுகிறது. எட்டாவதோடு நிறுத்தி வேலைக்கு அனுப்பிவிடலாமா என்ற பேச்சு அந்த வீட்டில் எழுவது புயலடித்த வாரத்தில் அல்ல. நிவாரண லாரிகள் எல்லாம் திரும்பிப்போன பிறகு, அடுத்த ஜூன் மாதத்தில். அப்போது பஸ் செலவுக்கும் சீருடைத் தையல் கூலிக்கும் கையில் காசு இருக்கிறதா என்பதுதான் அவள் படிப்பைத் தீர்மானிக்கும்.

கொடுக்கும் வழி எளிது. அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. தலைமை ஆசிரியரிடம் பேசி, குழு கூடி என்ன தேவை என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். பணமாகக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். பொருளாகக் கொடுத்தால் இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கணக்கு சுத்தமாக இருந்தால் தலைமை ஆசிரியருக்கும் அது பாதுகாப்பு. பெரிய தொகை என்றால், தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ அமைப்பு வழியாகவும் கொடுக்கலாம். நகரத்துப் பெரிய பள்ளியின் பெயரை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். இரண்டே ஆசிரியர்கள் உள்ள கடைக்கோடித் தொடக்கப் பள்ளியைத் தேடிப் பிடியுங்கள்.

ஆக, அந்தப் பத்தாயிரத்துக்கு என் பதில் இது. ஐயாயிரத்தை இப்போதே, ஆசிரியர் கேட்கும் பொருளுக்குக் கொடுங்கள். மற்ற ஐயாயிரத்தைத் தனியே வைத்துவிட்டு, அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும் வாரம் அதே ஆசிரியருக்குப் போன் போட்டு, “இந்த வருஷம் யாராவது வராம இருக்காங்களா சார்?” என்று கேளுங்கள். அவர் ஒரு பெயராவது சொல்வார். அந்தப் பணம் அந்தப் பிள்ளைக்கு.