கித்தாருக்குள் ஒரு தேன்கூடு

வீட்டில் கிடக்கும் அட்டைப்பெட்டி ஒன்றின் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். இரண்டு தாள்கள், அவற்றின் நடுவே அலை அலையாய் மடிந்த இன்னொரு தாள். தனித்தனியே மூன்றும் எளிதில் வளையும். ஒட்டிவிட்டால் ஒரு தவணைக்கான பாடநூல்களையே தாங்கும். இதே உத்தி கிளாசிக்கல் கித்தாரின் குரலை மாற்றியிருக்கிறது என்பதை அறிந்தபோது, கித்தார் பயிலும் பொறியியல் மாணவனான எனக்கு ஆர்வம் தொற்றிக்கொண்டது.

தந்தி மட்டும் அதிர்ந்தால் ஓசை மிக மெலிதாகவே கேட்கும். காற்றைப் பெரிய அளவில் அசைப்பது மேற்பலகைதான். இதை மெய்ப்பிக்க ஸ்பெயினின் அந்தோனியோ டி தோரஸ் 1862ஆம் ஆண்டில் பின்புறத்தையும் பக்கங்களையும் அட்டையால் செய்து, மேற்பலகையை மட்டும் மரத்தால் அமைத்து ஒரு கித்தார் உருவாக்கினார்.

எடையா, விறைப்பா?

பெரிய அரங்கில் கித்தாரின் ஒலி எடுபட, பலகை இலேசாக இருக்க வேண்டும். ஆனால் ஆறு நைலான் தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கின்றன. பலகையை மேலும் செதுக்கினால் அது வளைந்துவிடும்.

1980களின் இறுதியிலும் 1990களிலும் ஜெர்மனியின் மத்தியாஸ் டாமன், கெர்னோட் வாக்னர் ஆகிய கைவினைஞர்கள் இரட்டை அடுக்குப் பலகையை உருவாக்கினர். ஸ்புரூஸ் அல்லது சிடார் மரத்தில் சுமார் 0.6 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு தகடுகள். நடுவே நோமெக்ஸ் எனும் தேன்கூடு போன்ற பொருள். தீயணைப்பு வீரர்களின் உடையிலும் விமானத்தின் தளப்பலகையிலும் பயன்படும் அதே நோமெக்ஸ்தான்.

இதற்கான விளக்கம் நம் இயற்பியலிலேயே இருக்கிறது. பலகை வளையும்போது ஒரு பக்கம் நீள்கிறது, மறுபக்கம் சுருங்குகிறது. நடுப்பகுதிக்கு அதிக வேலை இல்லை. ஆகவே அங்கே கனமான மரம் தேவையில்லை. மேலும், தடிமன் இரு மடங்கானால் பலகையின் விறைப்பு எட்டு மடங்காகும். தகடுகளை விலக்கி வைத்தாலே விறைப்பு கூடும். எடை அதிகம் ஏறாது.

ஒட்டுவதுதான் கடினம். பசை கூடினால் தேன்கூட்டின் அறைகளுக்குள் இறங்கி எடையைக் கூட்டிவிடும். குறைந்தால் தகடு பிரிந்துவிடும். எனவே பலகையை ஒரு பைக்குள் இட்டுக் காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். வெளிக்காற்றின் அழுத்தமே எல்லா இடத்தையும் சீராக அழுத்திப் பிடிக்கிறது.

இழப்பும் உண்டு

இவ்வகைக் கித்தார் உரக்கவும் உடனுக்குடனும் ஒலிக்கிறது. ஆனால் பழைய கித்தாரின் ஆழமான நிறம் இதில் இல்லை என்போரும் உண்டு. மேல்தகடு மிக மெல்லியது என்பதால் கீறல் விழுந்தால் தேய்த்துச் சரிசெய்வது அரிது. ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் நம் வட்டாரத்தில் மரம் உப்பும், பசையும் சோதிக்கப்படும். தோரஸின் கித்தார்கள் சில 150 ஆண்டுகளுக்குப் பின்னும் இசைக்கின்றன. இரட்டை அடுக்குக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. ஒரு பேரப்பிள்ளையின் கைக்குப் போய்ச் சேருமா என்பதைக் காலம்தான் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், அந்தத் துணிவுக்காகவே இது மதிக்கத்தக்கது.

நீங்களும் சோதிக்கலாம். இரண்டு மணிலா அட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டுங்கள். இன்னும் இரண்டை எடுத்து, நடுவே ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டிய காகித உறிஞ்சுகுழல்களை நெருக்கமாக நிறுத்தி ஒட்டுங்கள். காய்ந்ததும் இரண்டையும் பாலம்போல் வைத்து நாணயங்களை அடுக்குங்கள். எது முதலில் வளைகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.