தென்பெண்ணைக் கரையில் மலை மிதிவண்டித் தடங்கள் (ஓசூர் – கிருஷ்ணகிரி)

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே, தென்பெண்ணை ஆற்றையும் அதன் கால்வாய்களையும் ஒட்டிச் செல்லும் மண்பாதைகள் மலை மிதிவண்டி ஓட்டுவதற்கு ஏற்றவை. இவை மிதிவண்டிக்கென்று வெட்டப்பட்டவை அல்ல. கால்வாய்க் கரை, ஏரிக்கரை, பழைய வண்டிப்பாட்டை, மாந்தோப்புக்குள் டிராக்டர் போன தடம் ஆகியவையே இங்குத் தடங்களாகப் பயன்படுகின்றன. தடித்த டயர் வண்டிகள் வருவதற்கு முன்பே, அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டியில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் இவற்றின் வழியாகத்தான் பள்ளிக்கு வந்தார்கள். இன்றும் வருகிறார்கள்.

நிலவமைப்பு

தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, பெங்களூருவின் கிழக்குப் புறமாக இறங்கி, ஓசூர் வட்டத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. கர்நாடகத்தில் இதற்குத் தட்சிண பினாகினி என்று பெயர். முதலில் கெலவரப்பள்ளி அணையிலும் பின்னர்க் கிருஷ்ணகிரி அணையிலும் தேங்கி, சாத்தனூர் வழியாகச் சென்று கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலும், கிருஷ்ணகிரி ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இடையே உள்ள தொலைவு சுமார் 50 கி.மீ. அதாவது 100 மீட்டர் போனால் சராசரியாக ஒரு மீட்டருக்கும் குறைவாகவே நிலம் இறங்குகிறது. நெடுஞ்சாலையில் மேலுமலைக் கணவாயில் மட்டும் இந்த இறக்கம் ஒரே இடத்தில் சேர்ந்து தெரியும். ஆற்றோரமாகப் போகிறவருக்குப் பெரும்பாலும் சமதளம் போலத்தான் இருக்கும். செம்மண், இடையிடையே கருங்கல் பாறை, ஓரமாக ராகிக் கொல்லை, தக்காளித் தோட்டம், கிருஷ்ணகிரியை நெருங்கும்போது மாந்தோப்பு. இதுதான் இந்தப் பாதையின் காட்சி.

மலை மிதிவண்டி

பெயரில் மலை இருந்தாலும் இது மலைக்கு மட்டுமான வண்டி அல்ல. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மாரின் என்ற பகுதியில் சில இளைஞர்கள் பழைய கனத்த மிதிவண்டிகளை மலைச்சரிவில் ஓட்டி விளையாடினர். 1976இல் அங்குத் தொடங்கிய பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். பின்சக்கரத்தின் அச்சுக்குடத்துக்குள் இருந்த பிரேக் சூடேறி, அதிலுள்ள கிரீஸ் எரிந்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கிரீஸ் மாற்றி நிரப்ப வேண்டும். பெயர் அதிலிருந்து வந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு சேர்க்கப்பட்டது. 2023இல் ஆசிய மலை மிதிவண்டிப் போட்டி கேரளத்தின் பொன்முடியில் நடைபெற்றது.

கால்வாய்க் கரைக்கு விலையுயர்ந்த வண்டி தேவையில்லை என்பதே என் கருத்து. முன்பக்கம் மட்டும் அதிர்வு தாங்கி உள்ள வண்டி போதும். இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமுள்ள டயரும் நல்ல டிஸ்க் பிரேக்கும் முக்கியம். இங்கு ஓட்டத்தைக் கெடுப்பது பாறையை விட முள்தான். வேலமுள்ளும் நெருஞ்சியும் இல்லாத கரை கிடையாது. டியூப் இல்லாத டயரில் ஒட்டும் திரவம் ஊற்றி ஓட்டினால் சிறு துளைகள் தாமாகவே அடைபடும். டியூப் உள்ளவர்கள் பஞ்சர் சாமானும் கைப்பம்பும் இல்லாமல் புறப்படக் கூடாது.

கால்வாய்க் கரைகள்

கெலவரப்பள்ளி அணையின் இடது, வலது கால்வாய்கள் சுமார் 8,000 ஏக்கருக்குப் பாசனம் தருகின்றன. காமராசர் முதல்வராக இருந்தபோது கட்டப்பட்ட கிருஷ்ணகிரி அணையின் கால்வாய்கள் சுமார் 9,000 ஏக்கருக்கு நீர் தருகின்றன. நீர் தானாக ஓடும் அளவுக்கு மட்டுமே சரிவு வைத்துக் கால்வாய் வெட்டுவார்கள். ஆகவே அதன் கரையில் ஏற்ற இறக்கமே இராது. புதிதாகப் பழகுபவர்களுக்கும் என்னைப் போன்ற அறுபது கடந்தவர்களுக்கும் இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. கவனிக்க வேண்டியது மடைகளை. வயலுக்கு நீர் திறக்கும் இடங்களில் கரை திடீரென்று வெட்டுப்பட்டிருக்கும். புல் மூடியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

மென்மையான நிலத்தில் தடம் அமைப்பது எளிது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. மலைச்சரிவில் தடம் அமைப்போர், தடத்தின் சரிவு மலைச்சரிவில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்ற விதியைக் கடைப்பிடிப்பார்கள். அப்படிச் செய்தால் மழைநீர் தடத்தைக் குறுக்கே கடந்து கீழே போய்விடும். சமதளத்தில் நீர் போக இடமில்லை. சக்கரம் பதிந்த பள்ளத்தில் நீர் நிற்கிறது. அடுத்து வருபவர் சேற்றைத் தவிர்க்க ஓரமாக ஓட்டுகிறார். தடம் அகலமாகிக்கொண்டே போகிறது. ஏரிக்கரையில் இது வெறும் அழகுக் கேடு அல்ல. ஈரக் கரையில் விழுந்த சக்கரப் பள்ளம் அடுத்த மழையில் ஓடையாகிறது, ஓடை கரையை அரிக்கிறது, கரை உடைந்தால் கீழே உள்ள நெற்பயிர் போய்விடும். மழை பெய்த மறுநாள் கரைமேல் வண்டி ஓட்டுபவரை விவசாயி திட்டினால் அவர் பக்கமே நியாயம்.

யானைகள்

அக்டோபர், நவம்பர் மாதங்களில் ராகி முற்றும். அப்போது பன்னேருகட்டா காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக வந்து ஓசூர் அருகே சானமாவு காட்டில் தங்குகின்றன. பகலில் காட்டுக்குள் நின்றுவிட்டு, பொழுது சாய்ந்ததும் கொல்லைகளுக்கு இறங்கி, விடியும் நேரத்தில் திரும்பும். பெங்களூருவிலிருந்து வரும் மிதிவண்டிக்காரர்களுக்குப் பிடித்த நேரமும் அந்த விடியற்காலைதான். சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

மோட்டார் சைக்கிள் வரும் ஓசை யானைக்கு முன்கூட்டியே கேட்கும். விலகிப் போக நேரம் கிடைக்கும். மிதிவண்டி ஓசையின்றி, நடப்பவரைவிட வேகமாக வருகிறது. வளைவில் திரும்பியதும் எதிரே யானை நின்றால் இரு தரப்புக்கும் திடுக்கிடலே. ஓடும் யானையை மண்பாதையில் மிதிவண்டியால் முந்திவிடலாம் என்று எண்ணுவது பேதைமை. எனவே அறுவடைப் பருவத்தில் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை நான்கரைக்குப் பின்பும் காட்டோரப் பாதைகளில் போகாமல் இருப்பது நல்லது. புறப்படும் முன் ஊர் டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டால், கூட்டம் நேற்றிரவு எங்கே நின்றது என்று சொல்லிவிடுவார்கள்.

மாவட்டத்தின் தென்மேற்கே 2014இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும் 2022இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. அவற்றிலும் காப்புக்காடுகளிலும் அனுமதியின்றி நுழைவது குற்றமாகும். கைபேசி வரைபடத்தில் கோடு தெரிகிறது என்பது அனுமதி ஆகாது.

நுரை

பெங்களூருவில் பலத்த மழை பெய்து கெலவரப்பள்ளி அணையின் மதகுகள் திறக்கப்படும்போது, ஆற்றில் வெள்ளை நுரை மலைபோல் எழுகிறது. சுத்திகரிக்காத சாக்கடை நீரிலும் ஆலைக் கழிவிலும் உள்ள சோப்புப் பொருள்களே காரணம். நந்திமங்கலம் பக்கம் தரைப்பாலம் நுரையில் மூழ்கிப் போக்குவரத்து நின்றதுண்டு. நுரைக்கு அடியில் பாலத்தின் விளிம்பு எங்கே, நீரின் ஆழம் எவ்வளவு என்பது தெரியாது. படம் எடுக்க அருகில் போகிறவர்களைப் பார்க்கும்போது அச்சமாக இருக்கிறது. இந்த நீர் கண்ணிலும் தோல் காயத்திலும் படக் கூடாது. செயின், பேரிங்கு ஆகியவற்றில் பட்டால் அன்றே நல்ல நீரில் கழுவி எண்ணெய் விட வேண்டும். வண்டியைக் கழுவிவிடலாம். அதே நீரைப் பாய்ச்சும் வயலைக் கழுவ முடியாது.

பருவமும் வழிகளும்

டிசம்பர் பிற்பாதி முதல் பிப்ரவரி வரை மண் இறுகியும் வெயில் குறைந்தும் இருக்கும். ஆனால் அப்போதுதான் தார்ச்சாலைகளில் ராகித் தாளைப் பரப்பி, வாகனங்களை ஏறவிட்டுத் தாள் அடிப்பார்கள். அதன்மேல் ஓட்டினால் தாள் பின்சக்கரப் பற்சக்கரங்களில் சுற்றிக்கொண்டு கியரை உடைத்துவிடும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே வழி.

ஓசூரிலிருந்து இராஜாஜி பிறந்த தொரப்பள்ளிப் பக்கம் போய்த் திரும்புவது அரைநாள் பயணம்; வழியில் சிப்காட் ஆலைகளின் ஷிப்டு மாறும் நேரத்தைத் தவிர்த்தால் பேருந்து நெரிசல் இராது. கிருஷ்ணகிரி நகரிலிருந்து அணை சுமார் 7 கி.மீ. அங்கிருந்து கால்வாய்க் கரையில், வெயில் ஏறும்வரை, மாந்தோப்பு நிழலிலேயே ஓட்டலாம்.