எந்த லென்ஸ் கூட வரும்?

தம்பி, புது பாடியின் விலையை அப்புறம் பேசலாம். முதலில் உங்கள் பையில் இருக்கிற லென்ஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வையுங்கள். டீ வருவதற்குள் ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம்.

உங்களிடம் இருப்பது நிக்கான் டி750. அதோடு 24-120 எஃப் 4, 50 எஃப் 1.8 ஜி, யாரோ கொடுத்துவிட்டுப் போன பழைய 85 எஃப் 1.8 டி, சின்ன சென்சார் பாடி வைத்திருந்த காலத்து 35 டிஎக்ஸ். இப்போது மிரர்லெஸ்ஸுக்கு, அதாவது இசட் 6-க்கு மாற நினைக்கிறீர்கள். அடாப்டர் வாங்கினால் எல்லா லென்ஸும் வேலை செய்யும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இந்த நான்கில் இரண்டுக்குத்தான் அது முழுசாகப் பொருந்தும்.

டி750-க்குள் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே ஒரு கண்ணாடி ஏறி இறங்குகிறது. அதற்கு இடம் விட வேண்டும் என்பதால், லென்ஸ் பூட்டுகிற வளையத்திலிருந்து சென்சார் 46.5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளியிருக்கிறது. 1959-இல் நிக்கான் எஃப் வந்த நாளிலிருந்து அதே அளவு. மிரர்லெஸ்ஸில் கண்ணாடியே கிடையாது. 2018-இல் வந்த இசட் மவுன்ட்டில் அந்தத் தூரம் 16 மில்லிமீட்டர்தான். கழித்தால் 30.5 வருகிறதா? எஃப்டிஇசட் என்கிற அடாப்டர் அந்த 30.5 மில்லிமீட்டரை ஈடுகட்டுகிற வெறும் குழாய். உள்ளே எந்த லென்ஸ் கண்ணாடியும் இல்லை. ஆகவே படத்தின் தரம் கெட்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஆனால் இது ஒருவழிப் பாதை. இசட் லென்ஸை டி750-இல் போடவே முடியாது. டி750-ஐ இரண்டாவது பாடியாக வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், எஃப் லென்ஸ்களை எல்லாம் அவசரப்பட்டு விற்காதீர்கள். இரண்டு பாடியிலும் ஏறக்கூடியவை அவைதான்.

இப்போது அந்த 85-ஐ எடுங்கள். பின்மூடியைக் கழற்றி உலோக வளையத்தைப் பாருங்கள். ஓரத்தில் ஸ்க்ரூ தலை மாதிரி, நடுவில் கோடு வெட்டிய ஒரு சின்ன வட்டம் தெரிகிறதா? டி750-இன் வளையத்திலும் அதே இடத்தில் ஒரு சிறு முனை துருத்திக்கொண்டிருக்கும். ஆட்டோஃபோகஸ் போடும்போது பாடிக்குள் இருக்கிற மோட்டார் அந்த முனையைச் சுற்றும், முனை இந்த ஸ்க்ரூவைத் திருகும், லென்ஸ் நகரும். இந்த லென்ஸுக்குள் மோட்டாரே இல்லை. எஃப்டிஇசட் அடாப்டரிலும் இல்லை, இசட் பாடியிலும் இல்லை. எக்ஸ்போஷர் சரியாக வரும், அப்பெர்ச்சரை மாற்றலாம், ஃபோகஸை மட்டும் கையால்தான் திருப்ப வேண்டும். உட்காரவைத்து எடுக்கிற போர்ட்ரெய்ட்டுக்கு அது போதும், வியூஃபைண்டரில் பெரிதாக்கிப் பார்த்தே ஃபோகஸ் வைக்கலாம். தாலி கட்டுகிற நேரத்தில், நாலு பேர் குறுக்கே கை நீட்டிக்கொண்டிருக்கும்போது, அதை நம்பி நிற்கக் கூடாது.

கேனன் வைத்திருக்கிற உங்கள் நண்பர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. காரணம் 1987-இல் இருக்கிறது. அந்த வருஷம் கேனன் தன் பழைய எஃப்டி மவுன்ட்டைக் கைவிட்டு இஎஃப் என்று புதிதாகத் தொடங்கியது. எஃப்டி லென்ஸ் வைத்திருந்தவர்கள் நொந்துபோனார்கள். ஆனால் இஎஃப்-இல் முதல் நாளிலிருந்தே மோட்டார் லென்ஸுக்குள், பாடியோடு பேச்சுவார்த்தை முழுக்க மின்சாரத்தில். அதனால்தான் 2018-இல் மிரர்லெஸ்ஸுக்கான ஆர்எஃப் மவுன்ட் வந்தபோது, பழைய இஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் வழியே ஆட்டோஃபோகஸோடு அப்படியே வேலை செய்தன. நிக்கான் 1959 மவுன்ட்டை விடாமல் காப்பாற்றியது. தாத்தா வாங்கிய லென்ஸைப் பேரன் பூட்டலாம் என்பது உண்மையிலேயே பெரிய மரியாதை, எனக்கு அதில் மதிப்பு உண்டு. ஆனால் அந்தத் தொடர்ச்சிக்காகவே ஸ்க்ரூ மோட்டாரும் ரொம்ப காலம் கூடவே வந்தது. அதன் விலையை இன்று உங்கள் 85 கொடுக்கிறது. (கேனனிலும் ஒரு முட்டுச்சந்து உண்டு. 2012-இல் வந்த இஎஃப்-எம் லென்ஸ்கள் ஆர்எஃப் பாடியில் ஏறாது. இஎஃப்-எம் பாடி வைத்திருப்பவர்கள் மாறினால் லென்ஸையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.)

35 டிஎக்ஸ் அடாப்டரில் நன்றாகவே ஃபோகஸ் ஆகும். ஆனால் அது சின்ன சென்சாருக்கான லென்ஸ் என்பதால், பாடி தானாகவே ஓரங்களை வெட்டிவிடும். இசட் 6-இன் 24 மெகாபிக்ஸலில் சுமார் 10 மிஞ்சும். விற்றுவிடுங்கள்.

மிச்சம் இரண்டு. இரண்டும் மோட்டார் உள்ளே இருக்கிற ஏஎஃப்-எஸ், இரண்டும் அடாப்டரில் ஓடும். எதைப் புதிதாக மாற்றுவது என்பதற்கு எடை போட்டுப் பாருங்கள். பழைய 24-120 எடை 710 கிராம். அடாப்டர், இரண்டாம் பதிப்பு, 125. சேர்த்தால் 835. 2022-இல் வந்த இசட் 24-120 எஃப் 4 வெறும் 630 கிராம், ஓரங்கள் பழையதைவிட நன்றாகவே கூர்மை. கழுத்தில் நாள் முழுக்கத் தொங்குகிற லென்ஸில் 200 கிராம் குறைவது பெரிய விஷயம். 50-இல் கணக்கு தலைகீழ். பழைய 50 ஜி 185 கிராம், அடாப்டரோடு 310. இசட் 50 எஃப் 1.8 எஸ் 415 கிராம். பழையதில் 7 கண்ணாடித் துண்டுகள், புதியதில் 12. எஃப் 1.8-இல் முழுசாகத் திறந்தாலும் மூலைவரை தெளிவு வேண்டும் என்று வடிவமைத்தார்கள், அந்தத் தெளிவு எடையாகவும் விலையாகவும் வருகிறது. முகத்தை நடுவில் வைத்துப் பின்னணியைக் கலைத்து எடுக்கிற உங்களுக்கு மூலை எவ்வளவு முக்கியம்? அந்த 50 இருக்கட்டும். போனஸாக, இசட் 6-இன் சென்சாரே கை நடுக்கத்தைத் தாங்கும். ஸ்டெபிலைசேஷன் இல்லாத இந்த 50-க்கும் அது கிடைக்கும்.

ஆனாலும் என் பேச்சை மட்டும் நம்பி வாங்காதீர்கள். லைட்ரூமில் போன வருஷக் கல்யாணங்களைத் திறந்து, வாடிக்கையாளருக்குக் கொடுத்த படங்களை மட்டும் எடுத்து, ஃபோகல் லெங்த் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் 70-க்கும் 120-க்கும் நடுவே விழுந்தால் 24-120 உங்கள் லென்ஸ். 24-லேயே குவிந்தால் அதைவிட அகலமானது தேவைப்படுகிறது. 85-இல் எடுத்தவைதான் ஆல்பத்தின் நல்ல பக்கங்கள் என்று தெரிந்தால், பணத்தை முதலில் இசட் 85 எஃப் 1.8-இல் போடுங்கள், ஜூம் காத்திருக்கட்டும்.

ஜூம் பக்கம் நான் சாய்வதற்கு இன்னொரு காரணம் ஹோமப் புகை. மிரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றினால் சென்சாருக்கு முன்னால் கண்ணாடியும் இல்லை, இசட் 6-இல் அணைத்த பிறகும் ஷட்டர் திறந்தபடியே இருக்கும். மணவறைப் பக்கத்தில் லென்ஸ் மாற்றுவதை எவ்வளவு குறைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. மாற்றியே ஆக வேண்டுமென்றால் புகையை விட்டு விலகி, பாடியின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்றுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால் ஒரு சோதனை. அப்பெர்ச்சரை முழுசாகத் திறந்து, இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். தூசி புள்ளியாகத் தெரியும், அது பரவாயில்லை. நூலிழை போலக் கிளைவிட்டுப் படர்ந்திருந்தால் பூஞ்சை, விலை எவ்வளவு குறைந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். சென்னை, கடலூர் மாதிரிக் கடலோர ஊர்களில் பீரோவுக்குள் பூட்டி வைத்த லென்ஸ்களில் இது சாதாரணம். உங்கள் லென்ஸையும் தோல் பையில் அடைத்து வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும்.

அந்த 85-ஐ உடனே விற்க வேண்டாம், டி750 இருக்கிற வரைக்கும் அதில் பழையபடி ஓடும். அப்புறம் ஃபில்டர் வாங்கக் காசு ஒதுக்காதீர்கள். பழைய 24-120-க்கும் புதியதற்கும் ஒரே 77 மில்லிமீட்டர்தான், இருக்கிறதையே கழற்றி மாட்டிக்கொள்ளலாம்.