இங்கிலாந்து வைனுக்கு ஒரு விளம்பரம்: புள்ளி போடுவது எப்படி?



சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டு நின்றபோது, கடை தொடங்கி இரண்டு வருடமான தம்பி ஒருவர் தமது கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். "அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோ. கடைக்கு நானே எடுத்த விளம்பரம்" என்றார். அரை நிமிடப் படம். அவருடைய சின்ன மகள் சிரிக்கிறாள், பின்னால் ஒரு பாட்டுப் போகிறது, பூக்கள் பறக்கின்றன, கடைசியில் கடையின் பெயர் வந்து மறைகிறது. "எப்படி?" என்றார். "வடிவா இருக்குது தம்பி. ஆனால் உங்கட கடையில என்ன விக்கிறீங்கள்?" என்று கேட்டேன். அவருடைய முகம் சற்று வாடிவிட்டது. நான் கேட்டது பகிடிக்கு அல்ல. ஆறுதலாக விளக்கிச் சொல்ல அன்று நேரம் கிடைக்காததால் இங்கே எழுதுகிறேன்.

பி.பி.சி. தொலைக்காட்சியில் 2005ஆம் ஆண்டு தொடங்கிய 'அப்ரென்ரிஸ்' என்ற வியாபாரப் போட்டியை எமது அங்கத்தவர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து விரலை நீட்டி ஆட்களை வீட்டுக்கு அனுப்புபவர் அலன் சுகர் பிரபு. 1947இல் கிழக்கு லண்டன் ஹக்னியில் பிறந்து, வானில் வைத்துக் கார் ஏரியல் விற்று, 1968இல் அம்ஸ்ட்ராட் கம்பனியைத் தொடங்கிய மனிதர். எங்களைப்போல் கையில் சாமானைத் தூக்கி விற்றுப் பழகியவர் என்பதால் அவர் சொல்வதை நான் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்பதுண்டு. முன்பு வெற்றி பெறுபவருக்கு வேலை கொடுத்தார்கள். 2011 முதல் இரண்டரை இலட்சம் பவுண் முதலீடும் அவருடன் பங்கும் கிடைக்கிறது.

இந்தத் தொடரில் அநேகமாக ஒவ்வொரு ஆண்டும் ஒரு வாரம் விளம்பரம் செய்யும் வாரமாக இருக்கும். விளம்பரமே போடாத பி.பி.சி.யில் விளம்பரம் செய்யும் போட்டி! அது அவர்களுடைய விஷயம். விளம்பரத்தில் முன்பின் பழக்கமில்லாத இளம் பிள்ளைகள் இரண்டொரு நாட்களில் பெயர் வைத்து, படம் எடுத்து, அந்தத் தொழில் தெரிந்தவர்கள் முன்னால் கொண்டுபோய்ப் போட்டுக் காட்ட வேண்டும். 2012ஆம் ஆண்டுத் தொடரில் இப்படி ஒரு வாரம் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பொருள் இங்கிலாந்து நுரை வைன். இந்த நாட்டுத் திராட்சையில் செய்யும், ஷாம்பெய்ன்போல் நுரைக்கும் வைன். எந்த அணி வென்றது என்பது பற்றி நான் எழுத வரவில்லை. அந்தப் பொருளுக்கு வரும் விளம்பரத்துக்கு நாங்கள் புள்ளி போடுவதென்றால் எதைப் பார்த்துப் போட வேண்டும் என்பதுதான் எனது விஷயம். நான் வைன் குடிப்பதில்லை. ஆனால் மதுபான அனுமதி உள்ள கடைகளுக்கு மொத்தமாகச் சாமான் கொடுத்து வருபவன்.

முதலில் பொருளைப் பாருங்கள். ஒரு வாடிக்கையாளர் உங்கள் கடைக்குள் வருகிறார். பிறந்தநாளுக்கு ஒரு நுரை வைன் வேண்டும். றாக்கையில் இத்தாலியின் புரொசெக்கோ பத்துப் பவுணுக்குக் கிட்ட இருக்கிறது. பிரான்சின் ஷாம்பெய்ன் இருக்கிறது. அதன் பெயரைச் சொன்னாலே போதும், விளக்கம் தேவையில்லை. இரண்டுக்கும் நடுவில் ஓர் இங்கிலாந்துப் போத்தல், ஷாம்பெய்னின் விலையில். அவருடைய மனதில் எழும் கேள்வி என்ன? "இங்கிலாந்தில் வைனா? அதுவும் இந்த விலைக்கா?" என்பதுதான். விளம்பரம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். வேறு எவ்வளவு வடிவான படம் எடுத்தாலும் இந்த ஐயம் தீராவிட்டால் போத்தல் றாக்கையில்தான் தூசி பிடிக்கும். தூசி பிடிப்பது விளம்பரம் எடுத்தவருடைய காசு அல்ல, கடைக்காரருடைய காசு.

இந்தக் கேள்விக்குச் சொல்ல நல்ல பதில்கள் இருக்கின்றன என்பதுதான் முக்கியம். தெற்கு இங்கிலாந்தில் சசெக்ஸ், கென்ற், ஹம்ஷயர் பகுதிகளில் ஓடும் சுண்ணாம்புக் கல் நிலம் கடலுக்கு அப்பால் ஷாம்பெய்ன் பிரதேசத்தில் இருக்கும் நிலத்துக்கு உறவு. நடுவதும் அதே ஷார்டனே, பினோ நுவார், பினோ முனியே திராட்சைகள்தான். மேற்கு சசெக்ஸில் உள்ள நைற்றிம்பர் தோட்டத்தில் 1988இல் அமெரிக்கத் தம்பதி ஒன்று ஷாம்பெய்ன் வகைத் திராட்சையை நட்டபோது பலர் பைத்தியக்காரத்தனம் என்றுதான் நினைத்திருப்பார்கள். 2015இல் ஷாம்பெய்னின் பழைய பெரிய கம்பனிகளில் ஒன்றான தெத்தாஞ்சே, கென்றில் நிலம் வாங்கியது. பிரெஞ்சுக்காரன் தன் காசைக் கொண்டுவந்து இந்த மண்ணில் போடுகிறான் என்றால் அதைவிட வேறு சாட்சி வேண்டுமா? இன்னும் பழைய கதையும் உண்டு. 1662ஆம் ஆண்டிலேயே கிறிஸ்தோபர் மெரற் என்ற ஆங்கில வைத்தியர், லண்டன் வைன்காரர்கள் சீனி போட்டு வைனை நுரைக்க வைப்பதைப் பற்றி றோயல் சங்கத்தில் கட்டுரை வாசித்திருக்கிறார்.

விலைக்கும் நியாயம் இருக்கிறது. புரொசெக்கோவைப் பெரும்பாலும் பெரிய தாங்கியில் வைத்து நுரைக்க வைப்பார்கள். இது அப்படியல்ல. வைனைப் போத்தலில் அடைத்து, சிறிது சீனியும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடி, அந்தப் போத்தலுக்குள்ளேயே இரண்டாம் முறை புளிக்க விடுவார்கள். மாதக்கணக்கில், நல்ல தோட்டங்களில் வருடக்கணக்கில் கிடக்கும். பிறகு மண்டியைப் போத்தலின் கழுத்துக்குக் கொண்டுவந்து வெளியே எடுக்க வேண்டும். அவ்வளவு காலமும் முதல் முடங்கிக் கிடக்கிறது. மொத்த வியாபாரிக்கு அதன் வலி தெரியும். அதற்கு மேல் இந்த நாட்டுக் காலநிலை. 2012இல் மழையும் குளிருமாகப் போனதால் நைற்றிம்பர் தோட்டம் அந்த வருடம் அறுவடையே செய்யவில்லை. தரம் இல்லாத பழத்தில் தங்கள் பெயரைப் போடமாட்டோம் என்று ஒரு வருட விளைச்சலையே விட்டுவிட்டார்கள். தொலைக்காட்சியில் இளம் பிள்ளைகள் விளம்பரம் செய்துகாட்டிய அதே வருடம் அது! என்னைக் கேட்டால், அந்த ஒரு செய்தி பத்து விளம்பரப் படத்துக்குச் சமம்.

இப்படி ஒரு பொருள் பழகாதவர் கையில் கிடைத்தால் பெரும்பாலும் இரண்டு பக்கந்தான் ஓடுவார்கள். ஒன்று பகிடி. இங்கிலாந்து வைன் என்றாலே சிரிப்பு வருகிறது என்று தாங்களே முதலில் சிரித்துவிடுவார்கள். பார்ப்பவரும் சிரிப்பார். ஆனால் முப்பது பவுண் கொடுத்து ஒரு பகிடியை வாங்கி மாமியார் வீட்டுக்குக் கொண்டுபோவாரா? மற்றப் பக்கம் போலி. கோட்டை வீடு, பொன்நிறம், நீண்ட கவுண், வயலின் வாத்தியம் என்று பிரெஞ்சுக்காரனைப் பார்த்துக் கொப்பியடிப்பார்கள். பார்ப்பவருக்கு ஷாம்பெய்ன்தான் ஞாபகம் வரும். போய் ஷாம்பெய்னையே வாங்குவார். இரண்டு பிழைக்கும் காரணம் ஒன்றுதான். விற்கும் சாமானில் விற்பவருக்கே நம்பிக்கை இல்லை.

பொறுப்பும் பார்க்க வேண்டும். 'இங்கிலீஷ் ஷாம்பெய்ன்' என்று ஒருநாளும் எழுதக்கூடாது. ஸ்பெயின் நாட்டு வைனை 'ஸ்பானிஷ் ஷாம்பெய்ன்' என்று விற்றவர்களுக்கு எதிராக ஷாம்பெய்ன் கம்பனிகள் வழக்குப் போட்டு 1960இல் லண்டன் நீதிமன்றத்தில் வென்றுவிட்டார்கள். இன்னொரு பொறி 'பிரிட்டிஷ் வைன்' என்ற சொல். வெளிநாட்டிலிருந்து வரும் திராட்சைச் சாற்றை இங்கே புளிக்க வைத்துச் செய்யும் மலிவு வைனுக்குத்தான் அந்தப் பெயர். இந்த மண்ணில் விளைந்ததை 'இங்கிலீஷ் வைன்' என்றுதான் சொல்ல வேண்டும். கடைக்காரர்களே இதை மாறிச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். மதுபான விளம்பரத்தில் குடிப்பவராகக் காட்டப்படுபவர் இருபத்தைந்து வயதுக்குக் குறைந்தவராக இருக்கக்கூடாது, அப்படித் தோன்றவும் கூடாது. குடித்தால் ஆட்கள் மயங்குவார்கள், துணிவு வரும் என்று காட்டவும் முடியாது. எங்கள் கவுன்ரரில் இருபத்தைந்து வயதுக்குக் குறைவாகத் தெரிபவரிடம் அடையாள அட்டை கேட்கும் அதே கவனம் விளம்பரத்திலும் வேண்டும்.

வைனை விட்டு அதே போட்டியின் வேறு இரண்டு வாரங்களையும் சொல்ல வேண்டும். 2008இல் பொருள் காகிதக் கைக்குட்டை, அதாவது ரிஷு. ஓர் அணி குடும்பக் கதை மாதிரி, சினிமாப் படம் போல் ஒன்றை எடுத்தது. காலநிலை சொல்லும் பிரபல அம்மையார் ஒருவரையும் அதில் நடிக்க வைத்தார்கள். எடுத்தவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் ரிஷுப் பெட்டியை ஆறுதலாகப் பார்க்க முடியவில்லை. மற்ற அணி தும்மல் சத்தத்தையே பெயராக வைத்து, பெட்டியைக் கண்ணுக்கு நேரே காட்டியது. அந்தப் படத்தில் கலை ஒன்றும் இல்லை. வென்றது அதுதான்.

2011இல் பிராணிகளுக்கான உணவு. ஓர் அணி 'எவரி டோக்' என்று பெயர் வைத்தது. எல்லா நாய்க்கும் ஏற்றது என்று அர்த்தம். எல்லோரையும் பிடித்துவிடலாம் என்ற கணக்கு. தொழில் தெரிந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. நாய் வளர்ப்பவருக்குத் தன் நாய் எல்லா நாயையும் போன்றது அல்ல, தனிப் பிறவி! மற்ற அணி பூனைக்கு மட்டும், அதிலும் உடம்பு வைத்த பூனைக்கு என்று நின்றது. அது வென்றது. எல்லோருக்கும் விற்கிறேன் என்பவன் ஒருவருக்கும் விற்கமாட்டான் என்பதை எனக்கு யாரும் தொலைக்காட்சியில் காட்ட வேண்டியதில்லை. நான் காசு கட்டிப் படித்தவன்.

தொண்ணூறுகளின் கடைசியில் எனது சொந்தப் பெயரில் மிளகாய்த்தூள் பைக்கற் போட்டேன். தமிழ் வானொலியில் விளம்பரம் கொடுத்தால் ஒரே மாதத்தில் பிடித்துவிடலாம் என்று நினைத்து, இரண்டு பெடியன்களைப் பிடித்து ஒரு நகைச்சுவை நாடகம் செய்வித்தேன். மாமியும் மருமகளும் குழம்பைப் பற்றிச் சண்டை பிடிக்கும் கதை. நல்லாகத்தான் செய்தார்கள். கல்யாண வீடுகளில் ஆட்கள் என்னைக் கண்டால் அந்த மாமியின் வசனத்தைச் சொல்லிச் சிரித்தார்கள். கடைகளிலும் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுத் தாங்கள் வழக்கமாக வாங்கும் தூளையே வாங்கிக்கொண்டு போனார்கள். எனது தூளில் மல்லி கலக்கவில்லை, வறுத்து அரைத்தது, ஒரு கரண்டி குறைத்துப் போட்டால் போதும் என்ற மூன்று விஷயமும் அந்த நாடகத்தில் ஒரு இடத்திலும் வரவில்லை. அந்தப் பெடியன்களில் பிழையில்லை. எழுதிக் காட்டியபோது முதலில் சிரித்தது நான்தான். மிஞ்சிய பைக்கற்றுகளை நட்டத்துக்குக் கொடுத்து முடிக்க ஒன்றரை வருடம் பிடித்தது. வீட்டில் இன்றைக்கும் அந்த வசனத்தைச் சொன்னால் மனைவிக்குக் கோபம் வரும்.

ஆகவே ஒரு விளம்பரத்தை எனக்கு யாராவது காட்டினால் நான் இப்படித்தான் பார்ப்பேன். முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். என்ன சாமான் என்று தெரிகிறதா, போத்தலோ பெட்டியோ கடையில் கண்டால் அடையாளம் பிடிக்கும்படி காட்டியிருக்கிறதா? பாதிப் புள்ளி அதற்கே. அடுத்து, வாங்குபவரின் வாயில் வரும் முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறதா? அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் அலங்காரம். பிறகு, இது யாருக்கு என்று தெரிகிறதா? படம் முடிந்து பத்து நிமிடம் கழித்து மனைவியையோ பிள்ளையையோ கேட்பேன். பகிடியைச் சொல்கிறார்களா, பெயரைச் சொல்கிறார்களா? படத்தின் வெளிச்சம், பாட்டு, நடிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பத்தில் ஒரு புள்ளிக்கு மேல் நான் கொடுப்பதில்லை. இது அநியாயம் என்று எனது மகன் சொல்வான். அவன் காசு போட்டுச் சாமான் எடுத்து வைத்தவன் அல்ல.

சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டக்காரர் கேட்டதற்காக அவருடைய நுரை வைனில் ஆறு பெட்டி எடுத்து, ஒவ்வொன்றாக ஆறு கடைகளுக்குக் கொடுத்தேன். அவர் தந்த பளபளப்பான அட்டையில் கிண்ணங்கள் இரண்டு முட்டிக்கொண்டு நின்றன. வேறு ஒன்றும் இல்லை. ஐந்து கடைகளில் நத்தார் முடிந்தும் அப்படியே இருந்தது. கென்றில் உள்ள ஒரு கடையில் மட்டும் முழுவதும் விற்று, இன்னும் இரண்டு பெட்டி கேட்டார்கள். என்ன மந்திரம் என்று போய்ப் பார்த்தேன். அந்தத் தங்கச்சி பளபளப்பு அட்டையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, வெள்ளை மட்டையில் கறுப்புப் பேனையால் தானே எழுதி ஒட்டியிருந்தார். திராட்சை விளைந்த இடம் இந்தக் கடையிலிருந்து பதினெட்டு மைல், மூன்று வருடம் போத்தலில் கிடந்தது, ஷாம்பெய்ன் செய்யும் அதே முறை. இவ்வளவுதான். "ஆட்கள் கேக்கிறதை ஒவ்வொருக்காவும் சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனன் அண்ணை, அதுதான் எழுதி ஒட்டினனான்" என்றார்.

அப்போது நுரை வைனுக்குச் சாதாரண வைனைவிடக் கூடுதல் மதுவரி வேறு இருந்தது. 2023 ஆகஸ்ட் முதல் மதுசாரத்தின் அளவைப் பார்த்துத்தான் வரி என்று ஆக்கிவிட்டதால் அந்த வித்தியாசம் போய்விட்டது. இங்கிலாந்துப் போத்தலை எடுத்து வைக்க யோசிக்கும் அங்கத்தவர்கள் பழைய கணக்கை வைத்து விலை போடாமல் புதிதாகக் கணக்குப் பார்க்கவும். ஒரே தடவையில் பெட்டிக் கணக்கில் எடுக்காமல் மூன்று போத்தலுடன் தொடங்கலாம்.

கைத்தொலைபேசித் தம்பி முந்தநாள் அழைத்தார். மகளை விட்டுவிட்டு, காலை ஆறு மணிக்கு வரும் மரக்கறிப் பெட்டிகளை உடைப்பதைப் படம் எடுத்திருக்கிறாராம். முருங்கைக்காய் எந்த நாட்டிலிருந்து, எந்தக் கிழமைகளில் வருகிறது என்றும் அதில் சொல்கிறாராம். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வருகிறேன் என்றார். சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.