டெல்லி கணேஷ்: வேலையை விடறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டிய ஒரு கேரியர்



"சார், வேலையை விட்டுட்டு எனக்குப் பிடிச்சதைச் செய்யலாமா?" நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில இருந்தாலும் சரி, நெய்வேலியில ஷிப்ட் பார்த்தாலும் சரி, நடிப்பு, குறும்படம், யூடியூப்னு ஒரு கனவு இருக்கிற எல்லாருக்கும் வர்ற கேள்வி இது. ஒரு குணச்சித்திர நடிகரோட கேரியரை வச்சு இதுக்குப் பதில் சொல்றேன்.

டெல்லி கணேஷ் 1944-ல் வல்லநாட்டில் பிறந்தவர். 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையில் வேலை பார்த்தார். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபா மேடையில் நடித்தார். பிறகு சென்னையில் காத்தாடி ராமமூர்த்தியின் நாடகக் குழு. விசு எழுதிய 'பட்டினப்பிரவேசம்' நாடகத்தை கே.பாலசந்தர் படமாக்கியபோது (படம் 1977-ல் வெளியானது), அதில்தான் இவர் சினிமாவுக்கு வந்தார்.

இந்த வரிசையைக் கவனிங்க. முதல்ல சம்பளம், அப்புறம் மேடை, கடைசியாத்தான் சினிமா. கேமரா முன்னாடி நின்னப்போ அவர் புதுமுகம்தான். ஆனா தொழிலுக்குப் புதுசு இல்லை.

அடுத்த விஷயம், அவர் பெரிய ஹீரோ ஆகலை. அப்பா, மாமனார், சமையல்காரர், வில்லன்னு 400-க்கும் மேற்பட்ட படங்கள். 'பசி' படத்துக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு. கூடவே சீரியல், குறும்படம். 2024 நவம்பரில் 80 வயதில் காலமானார். அதே வருஷம் வந்த 'இந்தியன் 2' படத்திலும் இருந்தார். 47 வருஷம்! ஒரே கிளையன்ட்டை நம்பாத ப்ரீலான்சர் மாதிரி, பல இடத்துல சின்னச் சின்ன வேலை. ஒரு படம் ஓடலைன்னாலும் அடுத்த அழைப்பு வரும்.

ஆனா ஒண்ணு. ஜெயிச்சவரைத்தான் நாம பார்க்கறோம். அதே மேடையில நின்னு சினிமாவுக்கு வராமப் போனவங்க பேரு நமக்குத் தெரியாது. அதிர்ஷ்டத்தைக் காப்பியடிக்க முடியாது, வரிசையைக் காப்பியடிக்கலாம்.

ஒரு சி.ஏ.வா நான் சொல்றது இதுதான்:

1. சம்பளம் வரும்போதே தொழிலைக் கத்துக்கோங்க. வெளியே சம்பாதிக்கக் கம்பெனி விதி அனுமதிக்குதான்னு பாருங்க. பொதுத்துறையில இருந்தா எழுத்துல அனுமதி வாங்காம ஆரம்பிக்காதீங்க.

2. அந்தப் பணத்தைக் கணக்குல காட்டுங்க. தொழில் வருமானம் வந்தா ஐ.டி.ஆர்-1 செல்லாது, 3 அல்லது 4 தான்.

3. விடற தேதியைப் பார்த்து முடிவு பண்ணுங்க. கிராஜுவிட்டிக்குப் பொதுவா 5 வருஷம் வேணும். ஈ.பி.எஸ் உறுப்பினர்னா பென்ஷனுக்கு 10 வருஷம். ஒன்பது வருஷத்துல ராஜினாமா கடிதம் நீட்டாதீங்க.

4. வேலையில இருக்கறவங்களுக்கு 6 மாசச் செலவு கையில இருந்தா போதும். ப்ரீலான்சுக்குப் போறவங்களுக்குக் குறைஞ்சது 12 மாசம். கம்பெனி மெடிக்கல் கவர் நின்னுடும், அதனால சொந்தமா ஹெல்த் இன்சூரன்ஸ் முன்னாடியே எடுங்க.

இந்த நாலும் ரெடியா இருந்தா, தைரியமா விடுங்க. இல்லைன்னா இந்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குப் போங்க, திங்கட்கிழமை ஷிப்டுக்கும் போங்க.