பின்னால் வருகிறவருக்கு ஒரு விளக்கு

மதுரை கே.கே. நகரில் ஒரு வீட்டு வாசலில் 1962-ம் வருஷத்து டாட்டா-பென்ஸ் லாரி ஒன்று நிற்கிறது. ஜாம்ஷெட்பூரில் 1954 முதல் இரண்டு கம்பெனிகளும் கூட்டாகத் தயாரித்த ஜாதி. தாத்தா ஓட்டிய வண்டியாம்; பேரன் புது மெருகேற்றி வைத்திருக்கிறார். ஆனால் பின்விளக்குகள் மட்டும் காற்றில் வைத்த அகல் மாதிரி அழுது வடிந்தன.

"இவன் ராத்திரியிலே மாட்டுத்தாவணிப் பக்கம் எடுத்துக்கிட்டுப் போனா, எனக்கு வயித்திலே புளியைக் கரைக்குது" என்றார் தாயார். "எல்.இ.டி. விளக்கு போடச் சொன்னேன். எதை வாங்கறதுன்னுதான் தெரியலை."

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை அமெரிக்க விஞ்ஞானி நிக் ஹோலன்யாக் செய்து காட்டியதும் அதே 1962-ல்தான். லாரிக்கும் விளக்குக்கும் ஒரே வயசு. பொருத்தம் பார்க்க வேண்டாமா?

சாதாரண பல்பில் இழை சூடான பிறகே வெளிச்சம் வரும். எல்.இ.டி. சுமார் 0.2 விநாடி முந்திக்கொள்கிறது. பூ, இவ்வளவுதானா என்கிறீர்களா? 60 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வரும் பஸ் அதற்குள் மூன்று மீட்டருக்கு மேல் ஓடிவிடுமே!

கடைக்குப் போகுமுன் பாட்டரி எத்தனை வோல்ட் என்று பாருங்கள். பழைய வண்டிகள் சிலவற்றில் பாட்டரியின் பாஸிடிவ் முனையை வண்டியின் உடம்போடு இணைத்திருப்பார்கள். பல்புக்கு அதைப் பற்றிக் கவலையில்லை, எல்.இ.டி.யோ முனை மாறினால் எரியாது. சிவப்புக் கண்ணாடிக்குள் சிவப்பு எல்.இ.டி.யே போடுங்கள், வெள்ளை போட்டால் வெளிச்சத்தில் பெரும்பகுதி கண்ணாடியிலேயே நின்றுபோகும். சாதாரணமாக எரிவதும், பிரேக் போட்டதும் பளிச்சிடுவதும் தனித்தனியே தெரிய வேண்டும். நம்பர் பலகைக்கு மட்டும் வெள்ளை. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிப்படி, பின்விளக்கு 155 மீட்டரிலிருந்தும், நம்பர் 15 மீட்டரிலிருந்தும் தெரிய வேண்டும்.

இன்னொரு விஷயம். எல்.இ.டி. மின்சாரத்தைக் கொஞ்சமாகத்தான் குடிக்கும். அதனால் பழைய பிளாஷருடன் சேர்ந்தால், திரும்புவதற்கான சிக்னல் படபடவென்று அடித்துக்கொள்ளும். அல்லது மின்னவே மறந்துவிடும். எல்.இ.டி.க்கென்று உள்ள பிளாஷரையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

விளக்கை மாட்டிய அன்று இருட்டியதும் பையன் பிரேக்கை மிதித்தான். தாயார் தெருக்கோடிக்குப் போய் நின்று திரும்பிப் பார்த்தார்.

"நல்லாத் தெரியுதுடா! இனிமே எங்கே வேணும்னாலும் போ!"

வாசல் விளக்கு வீட்டுக்காரருக்கு மட்டுமா? தெருவில் வருகிறவருக்கும்தானே!